கால்கரியில் ஐந்து நாள்: ஊரைப் பார்ப்பதா, நேரே மலைக்கு ஓடுவதா?

மதுரைமிசிசாகா | ஆகஸ்ட் 6, இரவு 9:40

வணக்கம். ஆகஸ்ட் கடைசி வாரம் ஐந்து நாள் கால்கரி போகிறோம். டொரண்டோ பக்கத்து மிசிசாகாவிலிருந்து நான், மனைவி, ஒன்பது வயது மகன். கூடவே மதுரையிலிருந்து வந்திருக்கும் அப்பா, அம்மா. அப்பாவுக்கு முட்டிவலி, ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். அம்மா சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. மகனுக்கு டைனோசர் பைத்தியம்.

அலுவலகத்தில் யாரைக் கேட்டாலும் “ஏர்போர்ட்டில் காரை எடு, நேரே பான்ஃப் போ, கால்கரியில் ஒன்றும் இல்லை” என்கிறார்கள். மலைப் பூங்காவான பான்ஃபில் அறை வாடகையைப் பார்த்தேன்; பார்த்த கையோடு கணினியை மூடிவிட்டேன். கால்கரியில் தங்கிக்கொண்டு மலைக்குப் போய்வருவது சரிப்படுமா? ஊரில் உண்மையிலேயே ஒன்றும் இல்லையா? சாப்பாடு, சுற்ற இடம் இரண்டும் சொல்லுங்கள்.

அரைடிக்கெட் | ஆகஸ்ட் 6, இரவு 10:15

அலுவலகத்தில் சொன்னது சரிதான். கால்கரி டவரில் ஏறினேன். 191 மீட்டர் உயரம், மேலே கண்ணாடித் தரை, பத்து நிமிடம் கீழே பார்த்தேன், இறங்கிவிட்டேன். அவ்வளவுதான் ஊர். ஸ்டாம்பீட் திருவிழா இருந்தாலாவது குதிரை, வேடிக்கை என்று பொழுது போகும். அது ஜூலையில் பத்து நாளோடு முடிந்துவிடும்.

பான்ஃப் மலையில் இருக்கும் மொரெய்ன் ஏரிக்கு மட்டும் போய்விட்டு வாருங்கள். விடியற்காலை நாலு மணிக்குக் காரை எடுத்தால் பார்க்கிங் கிடைக்கும்.

போநதிக்கரை | ஆகஸ்ட் 6, இரவு 11:02

அரைடிக்கெட், நீங்கள் கடைசியாக வந்து ரொம்ப நாளாயிற்று போல. 2023 முதல் மொரெய்ன் ஏரிச் சாலையில் சொந்தக் கார், வாடகைக் கார் எதற்கும் அனுமதி இல்லை. நாலு மணிக்குப் போனாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பார்க்ஸ் கனடாவின் ஷட்டில் பஸ்ஸில்தான் போக வேண்டும், இல்லையென்றால் அனுமதி பெற்ற தனியார் பஸ்.

மதுரைமிசிசாகா, ஷட்டிலில் ஒரு பங்கு இடங்களை சீசனுக்கு முன்பே விற்றுவிடுவார்கள். அது போனதற்காகக் கவலைப்பட வேண்டாம். மீதியைப் பயண நாளுக்கு இரண்டு நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறப்பார்கள். 8 மணி என்பது இங்குள்ள நேரம், டொரண்டோவில் அப்போது 10. இது தெரியாமல் தங்கள் ஊர் எட்டு மணிக்கு உட்கார்ந்து “இடமே காட்டவில்லை” என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இப்போது ஊருக்கு வருகிறேன். பதினாலு வருடமாக இங்கே இருக்கிறேன். வருகிற விருந்தாளிகள் எல்லாரும் ஏர்போர்ட்டிலிருந்து மலைக்கு ஓடிவிட்டு, திரும்பும் நாளில் என் வீட்டு சோபாவில் விழுகிறார்கள். “ஊரில் என்ன இருக்கிறது?” என்று கேட்பதும் அந்த சோபாவில் படுத்துக்கொண்டுதான்.

ஊரில் இருப்பது ஆறு. பெயரே போ. (ஆங்கிலத்தில் வில்லுக்கு உள்ள சொல்தான்.) முதல் தடவை கேட்ட என் மாமா, “போ ஆறு இருக்கிறதே, வா ஆறு எங்கே?” என்றார். வா ஆறு கிடையாது, எல்போ (முழங்கை) ஆறுதான் உண்டு. போவும் எல்போவும் சேரும் இடத்தில்தான் 1875இல் குதிரைப்படைப் போலீசார் கோட்டை கட்டினார்கள். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பிளாக்ஃபுட் மக்கள் அந்த இடத்தை மோகின்ஸ்டிஸ் என்கிறார்கள். அதற்கும் பொருள் முழங்கைதான்.

போ ஆறு பனியாறு உருகி மலையிலிருந்து நேரே வருவது. பாட்டில் பச்சை நிறம், அடிக்கல் தெரியும். பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் ஊரின் நடுவில் இப்படி ஒரு தண்ணீர். கோடையில் ஊர்க்காரர்கள் ரப்பர் படகை ஊதி, ஷோல்டிஸ் பூங்காவில் இறக்கி, இரண்டு மூன்று மணி நேரம் மிதந்து, நகர நடுவிலுள்ள செயின்ட் பேட்ரிக் தீவில் ஏறுவார்கள். படகு வாடகைக்குக் கிடைக்கும். லைஃப் ஜாக்கெட் கட்டாயம், போடாவிட்டால் அபராதம். தீவைத் தாண்டி மட்டும் போய்விடாதீர்கள். கொஞ்ச தூரத்தில் ஹார்வி பாசேஜ் என்று ஒரு பாய்ச்சல் வரும். முன்பு அங்கே தடுப்பணை இருந்து பலர் உயிர் போயிருக்கிறது, இப்போது மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். ஆனாலும் அது பழகிய கயாக்காரர்களுக்கான இடம்.

அப்பா படகில் ஏற வேண்டாம். பிரின்ஸ் ஐலண்ட் பூங்காவில் இருந்து பீஸ் பாலம் வரை சமதளம், முட்டிக்கு நல்லது.

அரைடிக்கெட் | ஆகஸ்ட் 7, காலை 7:20

மொரெய்ன் விஷயம் தெரியாது, மன்னிக்கவும். மற்றதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த பீஸ் பாலத்துக்குக் கொட்டிய காசு இரண்டரைக் கோடி டாலருக்குக் கிட்டத்தட்ட. நடக்கிற பாலத்துக்கு!

போநதிக்கரை | ஆகஸ்ட் 7, காலை 7:48

2012இல் திறந்தபோது ஊரே இதைத்தான் சொல்லித் திட்டியது. கட்டடக் கலைஞர் கலட்ராவா வடிவமைத்தது, ஆற்றுக்குள் ஒரு தூண்கூட இல்லை. திட்டிய அதே ஆட்கள்தான் இன்று அதன் முன்னால் நின்று கல்யாண போட்டோ எடுக்கிறார்கள்.

நெல்லியடிஅக்கா | ஆகஸ்ட் 7, காலை 11:30

தம்பி, நான் ஸ்காபரோவில் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு இங்கே வந்தவள். சாப்பாட்டை நான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு வடகிழக்கு. பஞ்சாபிக் குடும்பங்கள் கன பேர் இருக்கிற பகுதி. சைவக் கடை, இனிப்புக் கடை, தோசைக் கடை எல்லாம் அங்கேதான். மார்ட்டின்டேலில் பெரிய குருத்துவாரா இருக்கு, லங்கர் என்ற இலவசப் பந்தியில் சுடச்சுட ரொட்டி, பருப்பு, பால்சோறு. தலையை மூடிக்கொண்டு போங்கோ. ஆனால் ஸ்காபரோ மாதிரி மூலைக்கு மூலை கொத்து ரொட்டியும் மாலுபாணும் (மீன் வைத்த பாண்) தேடாதையுங்கோ, ஏமாந்து போவீர்கள்.

வியட்நாமியக் கடைக்குப் போனால் அம்மாவுக்கு டோஃபு வைத்த சப் (நீள சாண்ட்விச்) வாங்கலாம். இந்த ஊரில் அது நல்லது, மலிவு. ஃபோ சூப்பில் மரக்கறி மட்டும் போட்டுத் தந்தாலும், கீழே உள்ள தண்ணி மாட்டெலும்பில் காய்ச்சினது. கேட்டு வாங்குங்கோ.

சீசர் என்று ஒரு பானம் எல்லா மெனுவிலும் இருக்கும், செலரித் தண்டு செருகி வடிவாக வரும். 1969இல் இந்த ஊர் ஹோட்டல் ஒன்றில் பிறந்தது. தக்காளிச் சாறுதானே என்று அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்துவிடாதையுங்கோ. அதில் சிப்பிச் சாறும் இருக்கு, வோட்காவும் இருக்கு.

ஆகஸ்ட் கடைசி என்றால் நீங்கள் அதிர்ஷ்டக்காரர். தெருவோரம் லாரியை நிறுத்தி டேபர் சோளம் விற்பார்கள். டேபர் தெற்கில் இருக்கிற சின்ன ஊர். பகலில் நல்ல வெயில், இரவில் குளிர், அதனால் சோளத்தில் சீனி ஏறும். வேறு ஊர்ச் சோளத்தை டேபர் என்று சொல்லி விற்கிற கள்ளர் கூடிப்போனதால், உண்மையான வியாபாரி சான்றிதழ் வைத்திருப்பார். கேட்டால் காட்டுவார். சிரிக்காதையுங்கோ, நான் கேட்டிருக்கிறேன்.

புதுஎலி | ஆகஸ்ட் 7, பகல் 1:05

சோளத்துக்கு சான்றிதழா?! எனக்கே இன்னும் பி.ஆர். (நிரந்தரக் குடியுரிமை அட்டை) வரவில்லை அக்கா.

அரைடிக்கெட் | ஆகஸ்ட் 7, மாலை 5:50

ஜிஞ்சர் பீஃப் பற்றி யாரும் பேசவில்லையே. கால்கரிக்காரர்கள் அதை மட்டும் விட மாட்டார்களே என்று பார்த்தேன்.

போநதிக்கரை | ஆகஸ்ட் 7, இரவு 8:30

வருவோம். 1970களில் இங்கே சில்வர் இன் என்ற சீனக் கடையில் உருவானது. மாட்டிறைச்சியை மெல்லிய குச்சியாக நறுக்கி, மாவில் தோய்த்து மொறுமொறுவென்று பொரித்து, இஞ்சி, பூண்டு, மிளகாய் போட்ட இனிப்புக் குழம்பில் புரட்டுவார்கள். சீனாவில் போய்க் கேட்டால் முழிப்பார்கள். நம் ஊர் கோபி மஞ்சூரியன் எப்படியோ அப்படி. சீனப் பெயரில் உள்ளூர்க்காரன் நாக்குக்குச் செய்தது. அந்தக் கடை மூடிவிட்டது, ஆனால் ஊரின் எல்லாச் சீனக் கடையிலும் கிடைக்கும். மாடு சாப்பிடாதவர்களுக்குச் சில கடைகளில் கோழியிலோ டோஃபுவிலோ செய்து தருவார்கள். பெட்டியில் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனால் ஊறிப்போய்விடும். கடையிலேயே, வந்த அஞ்சு நிமிடத்தில் சாப்பிட வேண்டும்.

மகனுக்கு: 16ஆவது அவென்யூவில் பீட்டர்ஸ் டிரைவ் இன். 1964இலிருந்து மில்க் ஷேக் விற்கிறார்கள். இரண்டு மூன்று ருசியைக் கலந்து கேட்கலாம். உறிஞ்சினால் கன்னம் வலிக்கும், அவ்வளவு கெட்டி.

கல்லுக்குள்தேரை | ஆகஸ்ட் 8, காலை 6:15

டைனோசர் என்ற சொல்லைப் பார்த்து ஓடி வந்தேன். டிரம்ஹெல்லர்! எல்லாரும் மேற்கே மலைக்குப் போவதால் இந்தப் பக்கம் கூட்டம் குறைவு. கால்கரியிலிருந்து வடகிழக்கே ஒன்றரை மணி நேரம். வழியெல்லாம் பலகை போல கோதுமை வயல். அப்புறம் திடீரென்று தரை பிளந்து கிடக்கும், ஹார்ஸ்ஷூ கேன்யன். பழுப்பு, சாம்பல், கருப்பு என்று படிவம் படிவமாகப் பாறை, நடுநடுவே நிலக்கரிக் கோடு. அங்கே காரை நிறுத்தாமல் போகாதீர்கள்.

ராயல் டிரல் மியூசியத்தில் பையன் டி-ரெக்ஸ் பக்கம் ஓடுவான். ஓடட்டும். நீங்கள் போரியலோபெல்டா என்ற டைனோசரைத் தேடிப் போங்கள். 2011இல் ஃபோர்ட் மக்மரே பக்கம் எண்ணெய் மணல் சுரங்கத்தில் தோண்டும் இயந்திரத்தில் இடித்தது. சுமார் 11 கோடி வருடப் பழசு. வழக்கமாக எலும்புதான் கிடைக்கும். இதில் முதுகுக் கவசம், செதில் எல்லாம் அப்படியே இருக்கிறது. பார்த்தால் எலும்புக்கூடு மாதிரியே இருக்காது, படுத்துத் தூங்குகிற மாதிரி இருக்கும். செத்து, கடலில் மிதந்து போய், அடிச் சேற்றில் மல்லாக்க விழுந்து சீக்கிரமாகப் புதைந்ததால் இப்படி. அதைச் சுற்றியிருந்த பாறையை ஒரே டெக்னீஷியன் ஊசி ஊசியாகக் கொத்தி எடுத்தார், சுமார் 7,000 மணி நேரம். அந்த இனத்தின் பெயரில் அவர் பெயரையே சேர்த்துவிட்டார்கள்: போரியலோபெல்டா மார்க்மிட்செல்லி. மியூசியம் வேலையில் இருக்கிற எங்களுக்கு அது ஆஸ்கர் மாதிரி.

ஊருக்குள் 26 மீட்டர் உயர டைனோசர் பொம்மை ஒன்று நிற்கும், வாய் வரை 106 படி. அப்பாவைக் கீழே உட்கார வைத்துவிடுங்கள்.

மதுரைமிசிசாகா | ஆகஸ்ட் 8, இரவு 10:10

அடேயப்பா. எல்லாருக்கும் நன்றி. கால்கரியிலேயே ஒரு வீடு வாடகைக்கு எடுத்துவிட்டேன், அடுப்பு இருக்கிறது, அம்மாவுக்கு நிம்மதி. வேறு என்ன கவனிக்க வேண்டும்? கரடி?

போநதிக்கரை | ஆகஸ்ட் 8, இரவு 11:25

கரடிக்கு ஸ்ப்ரே. இடுப்பில் தொங்க வேண்டும், பைக்குள் இருந்தால் பிரயோஜனமில்லை. விமானத்தில் எந்தப் பெட்டியிலும் வைக்க முடியாது, அதனால் இங்கே வந்துதான் வாங்க வேண்டும். பான்ஃபிலும் கேன்மோரிலும் வாடகைக்கும் தருவார்கள். கூட்டமாகப் பேசிக்கொண்டே நடந்தால் பெரும்பாலும் கரடியே விலகிப் போய்விடும். தமிழ்க் குடும்பத்துக்கு இது சிரமமில்லை.

பாஸ் இரண்டு வகை, குழப்பிக்கொள்ளாதீர்கள். பான்ஃப் தேசியப் பூங்காவுக்கு ஒன்று. பிராக் கிரீக்கைத் தாண்டியுள்ள கனனாஸ்கிஸ் பகுதியில் நிறுத்த மாகாணத்தின் வேறு பாஸ், ஒரு வண்டிக்கு ஒரு நாள் 15 டாலர். ஒன்று இருந்தால் மற்றது தேவையில்லை என்று நினைத்து அபராதம் கட்டியவன் நான்.

கூட்டமில்லாத அருவி வேண்டுமானால் எல்போ ஃபால்ஸ். ஊரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள். நடைபாதை போட்டிருக்கிறார்கள், அப்பா நடக்கலாம். பாறை வழுக்கும், மகனை வேலிக்கு இந்தப் பக்கமே வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்று காய்ந்துபோய் இருக்கும். உதட்டுக்குத் தேங்காய் எண்ணெய் எடுத்து வாருங்கள். ஆகஸ்டிலும் ராத்திரி ஸ்வெட்டர் தேவைப்படும்.

நெல்லியடிஅக்கா | ஆகஸ்ட் 9, காலை 9:00

ஆலங்கட்டி மழையை மறந்துவிட்டீர்களே! 2020 ஜூன் 13ஆம் திகதி வடகிழக்கில் விழுந்ததில் எங்கட வீட்டுச் சுவர் ஒரு பக்கம் சல்லடை. ஊர் முழுக்க 100 கோடி டாலருக்கு மேல் காப்புறுதி நட்டம். அதற்குப் பிறகு ஒருமுறை வாடகைக்கார் எடுத்தபோது, கூரையில் முன்பே இருந்த குழியை எங்கள் தலையில் கட்டப் பார்த்தார்கள். காரை எடுக்கும்போதே கூரையையும் படம் பிடியுங்கோ. கூரையை ஒருவரும் பார்ப்பதில்லை.

மதுரைமிசிசாகா | செப்டம்பர் 2, இரவு 10:30

திரும்பி வந்துவிட்டோம். கேட்டுவிட்டு ஓடிப்போகிற ஆள் என்று நினைக்க வேண்டாம், நடந்ததை எழுதுகிறேன்.

முதல் நாள் ஊர். டவரில் ஏறவில்லை. வீட்டை வாடகைக்குக் கொடுத்த வீட்டுக்காரம்மா சொன்னபடி கிரசென்ட் சாலை மேட்டில் நின்றோம், கீழே ஆறு, எதிரே கட்டடங்கள், ஓரத்தில் மலை, காசு இல்லை. அப்புறம் மத்திய நூலகம். இதை நீங்கள் யாரும் சொல்லவில்லையே! 2018இல் திறந்ததாம். கட்டடத்துக்கு அடியில் ரயில் போகிறது. அப்பா முப்பத்து நாலு வருடம் ரயில்வேயில் இருந்தவர். நூலகத்தின் வடக்கு முனையில் கண்ணாடிக்குப் பின்னால் நாற்காலி போட்டிருக்கிறார்கள், அங்கே உட்கார்ந்து கீழே வண்டி நுழைவதையும் வெளிவருவதையும் எண்ணிக்கொண்டிருந்தார். ஒன்றரை மணி நேரம். “சரியான இடைவெளி விடுகிறான்” என்றார். அவர் வாயால் வரும் அதிகபட்சப் பாராட்டு அது.

இரண்டாம் நாள் படகு. நான், மனைவி, மகன். ஆகஸ்ட் கடைசியில் தண்ணீர் குறைவு, இரண்டு இடத்தில் கூழாங்கல்லில் தட்டி நின்றது; இறங்கித் தள்ளினேன். அந்தக் குளிர் எலும்பில் தைத்தது. பீஸ் பாலம் நெருங்கும்போது மேலே சிவப்புக் கம்பிகளுக்கு நடுவில் ஒரு வெள்ளை வேட்டி. அப்பா. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. பாலத்துக்கு அடியில் நாங்கள் போகும்போது, ஊரே கேட்கும்படி, “டேய், பையனுக்குத் தொப்பி எங்கே?” என்றார். பக்கத்துப் படகிலிருந்த பிள்ளைகள் என்னவென்று புரியாமலே கையசைத்தார்கள்.

மூன்றாம் நாள்தான் மலை என்று இருந்தேன், ஷட்டிலும் வாங்கியிருந்தேன். காலையில் எழுந்தால் ஜன்னலுக்கு வெளியே சாம்பல் நிறம், சூரியன் ஆரஞ்சு மிட்டாய் போல. பிரிட்டிஷ் கொலம்பியா காட்டுத்தீப் புகை. எதிர் வீட்டு மரமே மங்கல், மலையில் என்ன தெரியப்போகிறது? அன்று எட்டு மணிக்கு ஐந்தாம் நாளுக்கான இடங்கள் திறக்கும் என்பது போநதிக்கரை சொன்னதால் நினைவுக்கு வந்தது. நான் ஒரு கைபேசி, மனைவி ஒரு கைபேசி. அவளுக்குக் கிடைத்தது. கிடைத்த பிறகு டிரம்ஹெல்லருக்குக் கிளம்பினோம், மியூசியத்துக்குள் புகை என்ன செய்யும்?

கல்லுக்குள்தேரை, உங்கள் போரியலோபெல்டா முன்னால் அம்மா வெகுநேரம் நின்றார். “பாவம், நல்லாத் தூங்குது” என்றார். மகன் அதை வாயே திறக்காமல் பார்த்தான். காரில் ஏறியதும்தான் பேச்சு வந்தது, கால்கரி வரை நிற்கவில்லை.

நாலாம் நாள் எல்போ ஃபால்ஸ். முந்தைய ராத்திரி மழை பெய்து புகை அடங்கியிருந்தது. திரும்பும் வழியில் சோள லாரி. அக்கா, சான்றிதழ் கேட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்ததை விரலால் காட்டினார், கோபப்படவில்லை. அம்மா அடுப்பில் நேரடியாகச் சுட்டு, மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை தடவிக் கொடுத்தார். பன்னிரண்டு வாங்கியதில் காலைக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஐந்தாம் நாள் மொரெய்ன். பழைய இருபது டாலர் நோட்டுப் படத்தில் இருந்த காட்சி. பனியாறு அரைத்த பாறை மாவு தண்ணீரில் மிதப்பதால் அந்த நீலம் என்று பஸ்ஸில் சொன்னார்கள். அழகு, மறுக்கவில்லை. ஆனால் கற்குவியல் மேட்டில் படம் எடுக்க வரிசை, இறங்க வரிசை, பஸ்ஸுக்கு வரிசை. அப்பா பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டார். முட்டி என்று சொல்லவில்லை, “இங்கிருந்தே நல்லாத் தெரியுது” என்றார்.

நடு இரவு விமானத்தில் திரும்பினோம். விமானத்தில் அம்மாவிடம் எது பிடித்தது என்று கேட்டேன். சோளம்.

அரைடிக்கெட் | செப்டம்பர் 3, காலை 7:05

ஜிஞ்சர் பீஃப் சாப்பிட்டீர்களா, இல்லையா? அதை மட்டும் சாமர்த்தியமாக விட்டுவிட்டீர்களே.

மதுரைமிசிசாகா | செப்டம்பர் 3, காலை 8:12

டோஃபுவில் வாங்கினோம். பெட்டியில் கட்டிக்கொண்டு வந்து வீட்டில் திறந்தோம். ஊறிப்போயிருந்தது. போநதிக்கரை, திட்ட வேண்டாம்.

போநதிக்கரை | செப்டம்பர் 3, காலை 8:20

திட்டவில்லை. அடுத்த தடவை நானே கடைக்குக் கூட்டிப்போகிறேன். நூலகத்தைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன், கண்ணில் படவே இல்லை.

புதுஎலி | செப்டம்பர் 3, பகல் 12:40

நான் செப்டம்பர் கடைசியில் போகிறேன், லார்ச் மரங்கள் மஞ்சளாகும் சமயம் என்றார்கள். கரடி ஸ்ப்ரேயை என்ன செய்தீர்கள்? விமானத்தில் விட மாட்டார்கள் என்றீர்களே.

மதுரைமிசிசாகா | செப்டம்பர் 3, பகல் 1:15

பிரிக்கவே இல்லை. வீட்டுக்காரம்மாவிடம் கொடுக்கப் போனேன், அவரிடம் முந்தைய விருந்தாளிகள் விட்டுப்போனது ஏற்கனவே நாலு இருக்கிறதாம். கடைசியில் நெல்லியடிஅக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். தனிமடலில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

நெல்லியடிஅக்கா | செப்டம்பர் 3, மாலை 6:30

கராஜில் பத்திரமாக இருக்கு தம்பி. வரும்போது ஸ்காபரோவிலிருந்து மாலுபாண் கொண்டுவந்தால்தான் தருவேன்.